முதல் ஸ்லாஷில் அட்டையை வை

போன மாதம் மாத்தளை டவுனில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வாசல் கண்ணாடியில் ஒரு கறுப்புச் சதுரம் ஒட்டியிருந்தது. உள்ளே பொடிப்பொடியாகப் புள்ளிகள். கீழே மூன்று மொழியிலும் ‘ஸ்கேன் செய்யவும்’ என்று எழுதியிருந்தது.

“இது எங்க போகும்?” என்று காவலாளியிடம் கேட்டேன்.

“போனைக் காட்டுங்க ஐயா, அதுவே போகும்.”

“அதத்தான் கேக்குறேன். எங்க போகும்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் அந்தச் சதுரத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அதன்மேல் வேறு யாராவது இன்னொன்றை ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா? “ஐயா, அத பிய்க்காதீங்க!” என்று அவர் சத்தம் போட்டார். காவல் காக்கிறவருக்கு அந்தத் தாளைக் காப்பாற்றத் தெரிந்திருந்தது. அது எங்கே போகிறது என்று தெரியவில்லை.

ஒன்பது வருடம் நான் பார்த்த வேலையே இந்த ஒரு கேள்விதான். இது எங்கே போகிறது? அப்போதாவது முகவரி கண்ணுக்குத் தெரிந்தது. வாசிக்கத் தெரியாத சனம் என்று எங்களைத் திட்டினார்கள். இப்போது முகவரியையே மறைத்துவிட்டு, வாசிக்காமல் வா என்கிறார்கள். நான் வேலை செய்த கடையில் இப்போது இருக்கிற இரண்டு பெண்களும், “அண்ணே, அட்ரஸ் பாக்குற விதத்த ஒரு பக்கத்துல எழுதித் தாங்க, செவத்துல ஒட்டுறோம்” என்று கேட்டார்கள். ஒரு பக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

நான் படித்தது ஏழாம் வகுப்பு வரை. உக்குவளைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா செத்த வருடம் பள்ளிக்கூடம் நின்றது. அதில் கதை ஒன்றும் இல்லை, எங்கள் லயத்தில், தோட்டக்காரர்களின் அந்த வரிசை வீடுகளில், பாதிப் பேருக்கு அப்படித்தான். அதன் பிறகு ஓரிடத்தில் நிற்கவில்லை. பலாபத்வலயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். தம்புள்ளையில் மரக்கறி மூட்டை இறக்கினேன். கொழும்பில் கொங்கிரீட் சுமந்தேன். கட்டாரில் இரண்டு வருடம் கட்டட வேலை செய்து, முதுகு போய்த் திரும்பி வந்தேன். இங்கிலீஷ் எழுத்துகளை லொறிகளின் பின்பக்கத்திலும் கட்டார் எச்சரிக்கைப் பலகைகளிலும் படித்துக்கொண்டேன். இனி எதையும் குனிந்து தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று வேண்டியிருந்தது.

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கொமினிகேஷன் இருந்தது. போட்டோ கொப்பி எடுக்க, ரீலோட் போட, பரீட்சை முடிவு பார்க்க, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்ப என்று சனம் போகிற கடைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அதை நடத்தியவர் ரிஃபானா மிஸ். உக்குவளைக்காரர். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது இருக்கும்.

“கம்ப்யூட்டர் தெரியுமா அண்ணே?” என்றார்.

“தெரியாது மிஸ்.”

“நல்லம். தெரியுமென்டு நெனச்சிட்டு வாறவங்களத்தான் திருத்த ஏலாது.”

மிஸ் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. பிழை செய்தால் ஒரு கேள்வி கேட்பார். பதில் சொல்லாமல் நின்றால் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். மூன்றாம் முறை கேட்டு நான் பார்த்ததில்லை. இரண்டாவது கேள்விக்குள் ஆள் உடைந்துவிடுவான்.

முதல் நாளே என்னுடைய அடையாள அட்டையை வாங்கினார். ஏதோ பதிவுக்கு என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து, மேலே முகவரி ஓடுகிற பட்டைக்கு நேராக அட்டையைக் கண்ணாடியில் வைத்தார்.

“ஆரம்பத்துல ரெண்டு சாய்ஞ்ச கோடு சேந்து ஈக்கி. அத விடுங்கொ. அதுக்குப் பொறகு வாற மொத ஒத்தக் கோடு எங்க ஈக்கி?”

காட்டினேன். சாய்ந்த அந்தக் கோட்டுக்குப் பெயர் ஸ்லாஷ். அட்டையின் இடது ஓரத்தை அந்தக் கோட்டின் மேலே வைத்தார். வலது பக்கம் இருந்த நீளமான வால் முழுக்க மறைந்துபோனது.

“மறைஞ்சது அந்த வீட்டுக்குள்ள எந்த அறை, எந்த அலுமாரி என்ட கதை. இப்ப தேவையில்ல. வீடு யாருட என்டுதான் தெரியணும். அட்டையில இருந்து எடது பக்கமா நடங்கொ. சத்தமா வாசிங்கொ.”

வாசித்தேன். எல்கே. டொட். ஜீஓவி. டொட். அதற்கும் இடப்பக்கம் ஒரு பெயர்.

“எல்கே என்டா இந்த நாடு. அதுக்கு முந்தி ஜீஓவி என்டு நின்டா அரசாங்கத்துக்கு மட்டும் குடுக்கிறது. நானும் நீங்களும் கேட்டா தர மாட்டாங்க. அதுக்கு முந்தி நிக்கிறதுதான் எந்தக் கந்தோர், எந்த ஒபீஸ் என்ட பேர். இந்த மூணும் அட்டைக்குப் பக்கத்துல ஒட்டி நிக்கணும். அதுக்கும் எடது பக்கம் என்ன ஈந்தாலும் அது வீட்டுக்காரன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்றது. ராஜா என்டும் எழுதலாம். பேங்க் என்டும் எழுதலாம்.”

எனக்குத் தம்புள்ளை ஞாபகம் வந்தது. அங்கே மரக்கறி பழைய சாக்குகளில்தான் வரும். போஞ்சி உர மூட்டையில் வரும். கோவா கோழித்தீன் பையில் வரும். சாக்கில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பதை, மூட்டை தூக்குகிற எந்த நாட்டாமியும் பார்க்க மாட்டான். சாக்கு வாயில் கட்டின துண்டைத்தான் பார்ப்பான். எந்தக் கடைக்குப் போகிற மூட்டை என்று அதில்தான் இருக்கும். அச்சடித்ததை நம்பி இறக்கினால் அன்றைக்கே வேலை போய்விடும். முகவரியும் அப்படித்தான். முன்னால் இருப்பது சாக்கின் அச்சு. ஸ்லாஷுக்கு ஒட்டி இருப்பதுதான் வாயில் கட்டின துண்டு.

மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சரி. அப்ப இனி துண்டப் பாக்காம எறக்காதீங்கொ” என்றார்.

பூட்டுப் படத்தையும் அன்றைக்கே சொன்னார். முகவரிக்கு முன்னால் சின்னப் பூட்டு இருந்தால் நல்ல இடம் என்று இன்றைக்கும் படித்தவர்களே சொல்கிறார்கள். பூட்டு, நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு மட்டும்தான். போய்ச் சேருகிற ஆள் திருடனா இல்லையா என்று பூட்டுக்குத் தெரியாது.

பெயர்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பதைப் பலாபத்வலப் பக்கத்து வாசனைத் தோட்டக்காரர் ஒருவரால் தெரிந்துகொண்டேன். வெள்ளைக்காரர்களுக்கு மிளகுக்கொடியும் கொக்கோ மரமும் காட்டி எண்ணெய் விற்கிற தோட்டம். ஒருநாள் ஒரு பெட்டி நிறைய அச்சடித்த அட்டைகளோடு கடைக்குள் வந்தார். சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

“மிஸ், ஏன்ட வெப்சைட் தொறந்தா சூதாட்டம் வருது. டூரிஸ்ட் எல்லாம் சிரிக்கிறாங்க. ஏன்ட தோட்டத்து பேர் தானே? அது எப்படி வேற ஆளுக்கு போகும்?”

“பேர் எழுதின உறுதி யாருட பேர்ல ஈக்கி?” என்று மிஸ் கேட்டார்.

காணி உறுதிப் பத்திரம் மாதிரி அதற்கும் ஒரு பதிவு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. வெப்சைட் செய்து கொடுத்த ஆள் பெயரைத் தன்னுடைய பெயரில் பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். இந்தப் பெயர்களை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்து வைத்திருப்பதுதான். தவணை முடிந்து புதுப்பிக்காவிட்டால் சந்தைக்கு வந்துவிடும். யாரும் எடுக்கலாம். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் வெளிநாட்டில் இருந்தவனுக்குப் போயின. தோட்டக்காரர் பாதையோரப் பலகையில் இருந்த முகவரியைத் தாரால் அழித்தார். போத்தல்களில் ஒட்டியதை என்ன செய்வது? அவர் போன பிறகு மிஸ் சொன்னது இவ்வளவுதான்: “செஞ்சவன் சொல்லல்ல. இவரும் கேக்கல்ல.”

இனிக் கலைவாணியின் விஷயம். இதை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

கலைவாணி நான் பிறந்த தோட்டத்துப் பிள்ளை. எனக்குச் சொந்தமில்லை. அவளுடைய அம்மா ரப்பர் பால் வெட்டுகிறவர். உயர்தரம் முடித்துவிட்டு, கண்டியில் ஓர் அரச பயிற்சி நிலையத்தில் படவரைஞர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். கட்டடங்களுக்குப் பிளேன் என்கிற வரைபடம் கீறுகிற வேலை. நேர்முகத்துக்கு அவள் கொண்டுபோனது தங்கள் லயத்தின் பிளேன். குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பரா, ஒரே கூரை, இரண்டு குழாய், எல்லாம் அளந்து கட்டத்தாளில் கீறியிருந்தாள். எந்தக் காம்பராவில் எத்தனை பேர் என்றும் எழுதியிருந்தாள். அவளை எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்ததாகச் சொல்கிற கடிதத்தில் ஒரு முகவரி இருந்தது. அதற்குள் போய், குறித்த நாளுக்கு முன் இடத்தை உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். ஏனென்றால் கடிதம் வரவில்லை.

ஏன் வரவில்லை? லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்து இருநூறு குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. தபால்காரர் தோட்டத்து ஒபீசில் கொடுத்துவிட்டுப் போவார். அங்கே யாராவது எடுத்து, யாராவது மேலே போகிறவரிடம் கொடுத்தால் வரும். எத்தனையோ நேர்முகங்கள் அந்த மேசையில் காலம் கடந்திருக்கின்றன. சொந்த வாசலுக்குக் கடிதம் வராத சனத்திடம், இன்டர்நெட் முகவரி வாசிக்கத் தெரியாதா என்று கேட்கிறார்கள்.

கூடப் படித்தவர்களுக்குக் கடிதம் கிடைத்ததாகக் கேள்விப்பட்டு அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, வட்சப் குழு ஒன்றில் ஓர் இணைப்பு வந்தது. ‘தெரிவானவர்கள் இங்கே உறுதி செய்யவும், நாளை கடைசி.’ யாரோ ஒரு அக்கா நல்லெண்ணத்தில் அனுப்பியது. அந்த அக்காவுக்கு யார் அனுப்பினார்களோ.

அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தாள். மிஸ் அன்றைக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். பரீட்சை முடிவு வந்த நாள். கடைக்குள் பதினொரு பேர் நின்றார்கள். நான் இணைப்பைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். அரச இலச்சினை இருந்தது. பூட்டு இருந்தது. முகவரி அந்த நிலையத்தின் பெயரில்தான் ஆரம்பித்தது. பிறகு டொட் ஜீஓவி, டொட் எல்கே. அதுவரை வாசித்தேன். அங்கேயே நிறுத்திவிட்டேன். அட்டையை வைக்கவில்லை.

அட்டையை எடுக்க சேர்ட் பையில் கையை விட்டால் போதும். பதினொரு பேர் நின்றார்கள் என்பது காரணமாகாது. எத்தனையோ நாள் இருபது பேர் நின்றிருக்கிறார்கள்.

பெயர், அடையாள அட்டை இலக்கம், பரீட்சைச் சுட்டெண், படம் எல்லாம் கேட்டது. கொடுத்தோம். ‘வெற்றிகரமாகப் பதியப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. கலரில் அச்செடுத்தேன். அச்செடுத்தால் தாளின் மேல் ஓரத்தில் திகதியும் நேரமும், அடி ஓரத்தில் முகவரியும் பொடி எழுத்தில் விழும். சனத்துக்கு அது பிடிக்காது. ‘இது என்ன அழுக்கு?’ என்பார்கள். அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு ஓரத்தையும் வெட்டுக்கத்தியில் ஒட்ட வெட்டி, சுத்தமாகக் கொடுப்போம். வெட்டிய கீற்றுகளை மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின்னில் போடுவோம். கொப்பிக் கட்டுகளுக்கு இடையில் பெயர் எழுதி வைக்க உதவும். அவளுடைய தாளையும் அப்படியே வெட்டினேன். அழகாக இருந்தது.

“அண்ணே, ஒங்களுக்கு வீட்டு பிளேன் நான்தான் கீறுவேன்” என்றாள்.

“எனக்கு ஏது புள்ள காணி?”

“காணிய நீங்க தேடுங்க. எல்லாத்தையும் நானே செய்ய ஏலுமா?”

கடையே சிரித்தது.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது, தோட்டத்து ஒபீசிலிருந்து. அதில் இருந்த முகவரி வேறு, கடைசி நாளும் போயிருந்தது. அவள் கண்டிக்குப் போய்ப் பெயர்ப்பட்டியலைப் பார்த்தாள். அவள் பெயர் இல்லை. மறுநாள் காலை அம்மாவோடு கடைக்கு வந்தாள். அம்மாவின் கையில் ரப்பர் பாலின் கறை காயாமல் இருந்தது.

“ஒன்ன நம்பி அனுப்புனேன்டா” என்றார் அம்மா. “கட்டார் எல்லாம் போய் வந்தவன், நம்ம தோட்டத்து ஆளு, சரியா செய்வான்னு சொன்னேன். காசுக்கு வெட்டிக் குடுத்தியே கலர் பேப்பரு, அத வச்சு அடுப்பு மூட்டவா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மிஸ் தாளைக் கையில் எடுத்தார். பின்பக்கம் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அட்ட வெச்சீங்களா?”

நான் தாளின் வெட்டிய ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அட்ட வெச்சீங்களா?”

“இல்ல மிஸ்.”

மிஸ் தாளை மேசையில் வைத்தார். குனிந்து பிஸ்கட் டின்னை எடுத்து மேசையில் கொட்டினார். நான்கு பேரும் கீற்றுகளைப் பொறுக்கினோம். இரண்டு வாரத்துக் கீற்று. ஒரு மணி நேரம் எடுத்தது. முகவரிக் கீற்றைக் கலைவாணிதான் கண்டெடுத்தாள். பின்பக்கத்தில் என் கையெழுத்தில் ‘நிமல், 4 கொப்பி’ என்று இருந்தது. திகதிக் கீற்று அம்மாவின் கையில் அகப்பட்டது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. கீற்றின் ஓரத்தில் ஒட்டியிருந்த கலர் மையைப் பார்த்து எடுத்தார்.

மிஸ் அந்தக் கீற்றை மேசையில் வைத்து என் அட்டையைக் கேட்டார். முதல் ஸ்லாஷில் வைத்தார். “வாசிங்கொ” என்றார், என்னையல்ல, கலைவாணியை. அவள் அட்டையிலிருந்து இடப்பக்கமாக வாசித்தாள். கொம். டொட். யாரோ ஒருவன் எடுத்து வைத்திருக்கிற ஒரு பெயர். டொட். அதற்குப் பிறகுதான் எல்கேயும் ஜீஓவியும் நிலையத்தின் பெயரும். வீடு அந்த யாரோ ஒருவனுடையது. எல்கேயும் ஜீஓவியும் அவன் வாசலில் எழுதி வைத்த எழுத்து. போஞ்சிக்கு உரச் சாக்கு.

“சரியா ரெண்டே ரெண்டு சொல்லு தள்ளி வாசிச்சிருந்தா போதும்” என்றாள். அழுகை இல்லாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவளோடு நானும் கண்டிக்குப் போனேன். பொறுப்பான அதிகாரி கீற்றைப் பார்த்தார். “இது நம்ம சைட் இல்ல” என்று சிங்களத்தில் சொன்னார்.

“தெரியும் சேர். கடைசித் திகதிக்கு முதல் இந்தப் பிள்ளை முயற்சி செய்திருக்கு என்பதுக்கு இது சாட்சி” என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

“நங்கி,” என்று தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி அவள் பக்கம் திரும்பினார். “அட்ரஸ் பாத்து பட்டன அமத்தத் தெரியாதா? படிக்காத ஆக்கள்ட்ட குடுத்தா இப்படித்தான்.”

படிக்காத ஆள் நான். அது உண்மை, அதற்கு எனக்குக் கோபமில்லை. ஆனால் அவருடைய தலைக்கு மேலே ஓர் அறிவித்தல் பலகை தொங்கியது. அதில் அவர்களுடைய முகவரி என்று மூன்று இருந்தன. ஒன்று ஜீஓவி டொட் எல்கேயில் முடிந்தது. இன்னொன்று கொம்மில் முடிந்தது. மூன்றாவது எதையும் வாசிக்க முடியாதபடி சுருக்கிய ஒன்று, ஏழெட்டு எழுத்து, எங்கே போகும் என்று அதைச் செய்தவனுக்கு மட்டும் தெரியும்.

“சேர், இதுல எது உங்கட?”

திரும்பிப் பார்த்தார். “மூணும் நம்மடதான்.”

“மூணு விதமா எழுதி வச்சிருக்கிறது நீங்க. கொம்மும் உங்கட, சுருக்கினதும் உங்கட. அப்ப நாலாவதா ஒருத்தன் எழுதினா அது உங்கட இல்லன்னு இந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒரு வாசல் வச்சிருந்தா நாங்க பழகிக்கொள்ளுவோம். நீங்க வாசலுக்கு வாசல் மாறிக்கொண்டிருந்தா, திருடன் போட்ட வாசலும் வாசல் மாதிரித்தான் தெரியும்.”

குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். கலைவாணி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். பேனையை மூடி வைத்துவிட்டு, “அவட இடத்த அடுத்த ஆளுக்குக் குடுத்தாச்சு. அந்தப் பிள்ளை வந்து ஹொஸ்டல்ல சேர்ந்தாச்சு. நான் அவள வெளிய போடவா?” என்றார்.

அந்தப் பிள்ளையும் எங்கோ ஒரு மலையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள்.

மேன்முறையீடு எழுதிக்கொடுக்கச் சொன்னார். மிஸ் எழுதினார். இரண்டு கீற்றையும் ஒட்டினோம். நான் தனியாக ஒரு தாளில், முகவரியை வாசிக்காமல் திறந்தவன் நான், பிள்ளையில் பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றோடு கடையில் ஓரம் வெட்டுகிற வழக்கத்தை மிஸ் நிறுத்தினார். அழுக்கு என்று யாராவது சொன்னால், “அந்த அழுக்குத்தான் ஒங்கட சாட்சி” என்பார்.

மேன்முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. கலைவாணி தம்புள்ளையில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் பில் எழுதப் போனாள். விடிய முன் பஸ். மாதங்கள் போயின. அடுத்த வருட விண்ணப்பமும் வந்தது. அவளுக்கு வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது ஒருநாள் அவள் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘உங்கள் மேன்முறையீடு தொடர்பான முடிவுக்குக் கீழே அழுத்தி மூன்று நாட்களுக்குள் உறுதி செய்யவும்.’ கீழே ஒரு சுருக்கிய முகவரி. வேலைக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தாள்.

“அண்ணே, நான் தொடல. வாசிங்க.”

அட்டையை வைத்தேன். ஸ்லாஷுக்கு இடப்பக்கம் ஜீஓவியும் இல்லை, எல்கேயும் இல்லை. எந்த நாட்டுக்காரனுடையதோ. நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். அன்று முழுக்க எடுத்தோம். மறுநாளும் எடுத்தோம். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. கண்டிப் பலகையில் நான் பார்த்துக் குறித்து வந்த ஜீஓவி முகவரியை மிஸ் கையால் தட்டி உண்மையான இடத்துக்குள் போய்ப் பார்த்தார். அங்கே மேன்முறையீடு பற்றி ஒரு வரியும் இல்லை.

“திருடனா இருந்தா போகாம விட்டா நல்லம். உண்மையா இருந்தா விட்டா எடம் போகும். ரெண்டுக்கும் ஒரே வழிதான் ஈக்கி” என்றார் மிஸ். “பஸ் ஏறுங்கொ.”

மூன்றாம் நாள் காலையில் கண்டியில் அதே மேசைக்கு முன்னால் நின்றோம். அதே அதிகாரி. கலைவாணி போனை நீட்டினாள். அவர் பார்த்தார்.

“இது நம்ம அனுப்பினதுதான். அடுத்த வருஷப் பிரிவில உங்களுக்கு இடம் குடுத்திருக்கு. இருந்த இடத்திலேயே ஒருக்கா அமத்தி இருந்தா முடிஞ்சிருக்குமே நங்கி. ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?”

என் வாய் திறந்தது. அவள் கை நீட்டி என்னை நிறுத்தினாள்.

“சேர், முந்தி ஒருக்கா அமத்துனேன். ஒரு வருஷம் போச்சு.”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு தன்னுடைய கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “சரி, இதில உறுதி செய்யுங்க” என்று மவுசைத் தள்ளினார்.

கலைவாணி மவுசைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்தாள். மேசைக்கு மேலே குனிந்து, அரசாங்க அதிகாரியின் திரையில், முதல் ஸ்லாஷின் மேல் அதை வைத்தாள். இடப்பக்கமாக உதடு அசைய வாசித்தாள். எல்கே. ஜீஓவி. நிலையத்தின் பெயர். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இன்னொரு தடவை வாசித்தாள். அதிகாரி காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசையும் காத்திருந்தது.

“சரியா இருக்கு” என்று அவரிடம் சொல்லிவிட்டு, அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அமத்தினாள்.